மூச்சு இலேசானதும் மருந்தை நிறுத்தலாமா?

காலபோக அறுவடை முடிந்து நெல் தூற்றும் நாட்களிலும், மாரி தொடங்கி வாடைக்காற்று வீசும் நாட்களிலும் எமது கிராமங்களில் ஒரு வருத்தம் தலைதூக்குவதை நாம் அறிவோம். சிலர் அதனை முட்டு என்பர். சிலர் தொய்வு என்பர். இழுப்பு என்பாரும் உளர். வைத்தியர்கள் ஆஸ்துமா என்று எழுதுகின்றனர். பெயர் எதுவாயினும் இரவில் பாயில் எழுந்து குந்தியிருந்து மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளையைப் பார்த்த தாய்க்கு அதன் கொடுமையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த நோயைப் பற்றி எமது மக்கள் எம்மிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று எல்லாவற்றையும்விட அதிகமாகக் கேட்கப்படுகின்றது. "பிள்ளைக்கு இப்ப முட்டு இல்லை. ஓடி விளையாடுறான், நல்லாய் நித்திரை கொள்ளுறான். இனியும் ஏன் அந்தப் பம்ப்பை இழுக்க வேணும்?" என்பதே அது. நியாயமான கேள்விதான். காய்ச்சல் மாறினால் குளிசையை நிறுத்துகின்றோம். புண் ஆறினால் மருந்து கட்டுவதை விடுகின்றோம். முட்டு மாறினால் மட்டும் ஏன் மருந்தைத் தொடர வேண்டும்? இக்கேள்விக்குச் சரியான விடை தெரியாமையினால் நல்ல நிலையில் இருந்த பலர் தாமாகவே மருந்தை நிறுத்தி, சில வாரங்களின் பின் நடு இரவில் வைத்தியசாலைக்கு ஓட வேண்டியவர்கள் ஆகின்றனர். சிலர் போய்ச் சேர்வதுமில்லை. ஆகவே இதனைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது.

நோய்க்கு இரண்டு முகங்கள்

எமது நெஞ்சினுள்ளே மூச்சுக்குழாய் ஒரு மரம்போலக் கிளைவிட்டுப் பிரிந்து, மிகச் சிறிய குழாய்களாக முடிவடைகின்றது. ஆஸ்துமா உள்ளவரிடம் இக்குழாய்களில் இரண்டு விதமான கோளாறுகள் காணப்படும்.

முதலாவது, குழாயைச் சுற்றியுள்ள தசை சுருங்கி அதன் வழியை ஒடுக்குவது. இது திடீரென வரும். மருந்து கொடுத்தால் சில நிமிடங்களில் விலகும். முட்டு என்று நாம் உணர்வது பெரும்பாலும் இதனையே.

இரண்டாவது, குழாயின் உட்சுவர் அழற்சியடைந்து இருப்பது. கண்ணுக்குள் தூசி விழுந்தால் கண் எப்படிச் சிவந்து வீங்கி நீர் வடிக்கின்றதோ, அதுபோல உட்சுவர் சிவந்து தடித்து ஒட்டும் சளியைச் சுரக்கின்றது. ஈயோசினோபில் எனப்படும் ஒருவகை வெண்குருதிக் கலங்கள் அங்கே வந்து குவிகின்றன. இவ்வாறு அழற்சியடைந்த குழாய் எதற்கும் கூச்சமடையும். அடுப்புப் புகை, உமித்தூசி, தடிமன், குளிர்காற்று, ஏன், பலத்த சிரிப்புக்கூட அதனைச் சுருங்கச் செய்யும்.

இந்த இரண்டாவது கோளாறு சத்தமின்றி நடப்பது. அதனால்தான் ஏமாற்றம் ஏற்படுகின்றது. வெளியே முட்டு இல்லை, மூச்சு இலேசாக இருக்கின்றது. ஆனால் உள்ளே அழற்சி முற்றாக அணைந்து போகவில்லை.

கமக்காரருக்கு இதனை விளக்கக் கோரைப்புல்லே போதுமானது. தோட்டத்தில் கோரையை மேலால் செதுக்கிவிட்டால் நிலம் துப்புரவாகத் தெரியும். ஆனால் மண்ணுக்குள் கிழங்கு இருக்கும். முதல் மழை விழுந்ததும் அது மறுபடி தலை நீட்டும். ஆஸ்துமாவின் அழற்சியும் அத்தகையதே. நாளாந்தம் இழுக்கும் தடுப்பு மருந்து அந்தக் கிழங்கைப் பிடுங்கி எறிவதில்லை. அது முளைக்காதபடி அடக்கி வைத்திருக்கின்றது. அடக்கும் கையை எடுத்தால் அது முளைக்கும்.

இரண்டு மருந்துகள், இரண்டு வேலைகள்

ஆஸ்துமாவுக்குக் கொடுக்கப்படும் இன்ஹேலர்கள், அதாவது நாம் பம்ப் என்று சொல்பவை, எல்லாம் ஒன்றல்ல.

ஒன்று நிவாரணி. சல்பியூட்டமோல் என்பது இதில் பெரிதும் அறியப்பட்டது. இது சுருங்கிய தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் சுகம் தெரியும். நான்கு முதல் ஆறு மணித்தியாலங்களில் அதன் வேலை முடிந்துவிடும். அழற்சிக்கு இது ஒன்றும் செய்வதில்லை.

மற்றது தடுப்பு மருந்து. பெக்ளோமெதசோன், பியூடிசொனைட், புளூட்டிகசோன் என்பன இவ்வகையின. இவை இழுக்கும் ஸ்டீரொயிட் மருந்துகள். இவற்றை இழுத்த உடனே எந்தச் சுகமும் தெரியாது. சில நாட்கள், சில வாரங்கள் ஒழுங்காகப் பாவித்த பின்னரே அழற்சி தணியும். உடனே சுகம் தருவதை மக்கள் நல்ல மருந்து என்கின்றனர். மெல்ல வேலை செய்வதை வீண் மருந்து என்கின்றனர். இது ஆபத்தான எண்ணமாகும்.

நிவாரணி பெரும்பாலும் நீல நிறத்திலும் தடுப்பு மருந்து கபில நிறத்திலோ வேறு நிறத்திலோ வரும். ஆனால் கம்பனிக்குக் கம்பனி நிறம் மாறும். எனவே நிறத்தை மாத்திரம் நம்பாது, எது தடுப்பு மருந்து, எது நிவாரணி என்று கிளினிக்கில் கேட்டு, பெட்டியிலே தமிழில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மருந்துகளும் ஒன்றாகக் கலந்த இன்ஹேலர்களும் உண்டு.

தடுப்பு மருந்தின் வரலாறும் சுவையானது. 1950களில் ஸ்டீரொயிட் குளிசைகள் ஆஸ்துமாவுக்குக் கொடுக்கப்பட்டன. அவை பலன் தந்தன. ஆனால் நீண்டகாலம் விழுங்கியவர்களுக்கு முகம் ஊதுதல், எலும்பு பலவீனமடைதல், சலரோகம் எனப் பல கேடுகள் வந்தன. இங்கிலாந்தில் டார்பி நகரில் பணியாற்றிய ஹரி மொரோ பிறவுண் என்ற வைத்தியர் நோயாளரின் சளியை நுணுக்குக்காட்டியில் பார்த்து, ஈயோசினோபில் கலங்கள் நிறைந்த சளி உள்ளவர்களுக்கே இம்மருந்து நன்கு வேலை செய்கின்றது என்று 1958இல் எழுதினார். 1972இல் அவரும் அவருடன் பணியாற்றியோரும் பெக்ளோமெதசோனை விழுங்காமல் மூச்சோடு இழுக்கக் கொடுத்து, குளிசையில் தங்கியிருந்த பலரை அதிலிருந்து விடுவிக்கலாம் என்று காட்டினர். சிறு அளவு மருந்து, தேவைப்படும் இடத்துக்கு நேரே போகின்றது. எங்கள் பிள்ளைகள் இன்று இழுப்பது அந்த வழியில் வந்த மருந்தையே.

நிறுத்தினால் உள்ளே நடப்பது என்ன?

தடுப்பு மருந்தை நிறுத்திய மறுநாள் ஒன்றும் நடக்காது. மூன்றாம் நாளும் நடக்காது. ஒரு வாரம் கழிந்தும் சுகமாகவே இருக்கும். "பார்த்தீர்களா, மருந்து தேவையில்லை" என்று மனம் சொல்லும். பொறி இங்கேதான் வைக்கப்பட்டிருக்கின்றது.

அந்த நாட்களில் மூச்சுக்குழாயின் கூச்சம் சத்தமின்றித் திரும்பி வருகின்றது. சிலரில் ஒன்றிரண்டு வாரங்களிலேயே அது பழைய நிலைக்கு வந்துவிடுவது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. ஈயோசினோபில் கலங்கள் மறுபடி கூடுகின்றன. பின்னர் இரவில் சிறு இருமல். அதிகாலையில் நெஞ்சு இறுக்கம். நிவாரணியை வாரத்தில் ஒருமுறை, பின்னர் இரண்டுமுறை, பின்னர் நாளாந்தம் தேடுதல். அந்த வேளையில் ஒரு தடிமன் வந்தாலோ, நெல் தூற்றும் தூசி பட்டாலோ குழாய் முற்றாக ஒடுங்கிவிடுகின்றது. வீட்டார் தடிமனையும் தூசியையும் குறை சொல்வர். ஆறு வாரங்களுக்கு முன் நிறுத்திய மருந்தை எவரும் நினைப்பதில்லை.

இது ஊகமல்ல. பல நாடுகளில் இதனைச் சோதித்துப் பார்த்திருக்கின்றனர்.

பின்லாந்தில் இலேசான ஆஸ்துமா உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகள் பியூடிசொனைட் இழுத்துச் சுகமடைந்திருந்தனர். அதன்பின் ஒரு பகுதியினருக்கு மருந்தின் அளவு குறைக்கப்பட்டது. மறுபகுதியினருக்கு மருந்தில்லாத வெற்று இன்ஹேலர் கொடுக்கப்பட்டது. 1994இல் வெளியான முடிவின்படி, குறைத்துத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 74 பேர் சுகத்தைக் காத்துக்கொண்டனர். முற்றாக நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 33 பேர்தான் அப்படி இருந்தனர்.

அமெரிக்காவில் இரண்டு, மூன்று வயதுடைய, ஆஸ்துமா வரக்கூடிய அறிகுறிகள் உள்ள 285 குழந்தைகளில் ஒரு பகுதியினர் இரண்டு ஆண்டுகள் தடுப்பு மருந்து பெற்றனர். மருந்து பெற்ற காலத்தில் அவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருந்தனர். மூன்றாம் ஆண்டில் மருந்து நிறுத்தப்பட்டபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. இது 2006இல் வெளியானது. மருந்து நோயை அடக்கும், ஆனால் வேரோடு களையாது என்பதை இது தெளிவாகக் காட்டியது.

2013இல் இத்தகைய ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தனர். நல்ல கட்டுப்பாட்டில் இருந்து, குறைந்த அளவு மருந்தே பாவித்தவர்கள்கூட, அதனை நிறுத்தியபோது ஏறத்தாழ ஆறு மாத காலத்தில் கடும் முட்டுக்கு ஆளாகும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. நூறு பேர் நிறுத்தினால், தொடர்ந்திருந்தால் தப்பியிருக்கக்கூடிய சுமார் 23 பேர் அதில் அகப்பட்டனர்.

கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் 30,000க்கும் மேற்பட்ட நோயாளரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு இன்னும் கனமானது. ஓர் ஆண்டில் மேலதிகமாகப் பாவித்த ஒவ்வொரு தடுப்பு இன்ஹேலருக்கும் ஆஸ்துமாவினால் இறக்கும் வீதம் சுமார் 21 சதவீதம் குறைந்தது. மருந்தை நிறுத்தியவர்களுக்கோ, நிறுத்திய முதல் மூன்று மாதங்களில் மரண ஆபத்து தொடர்ந்து பாவித்தவர்களைவிட உயர்ந்திருந்தது.

மேற்கூறிய பின்லாந்து ஆய்வில் நிறுத்தியவர்களில் மூன்றிலொரு பங்கினர் சுகமாகவே இருந்தனர் என்பதையும் மறைக்கக்கூடாது. சிறுவயதில் வந்த முட்டு வளர வளரக் குறைந்து மறையும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் அந்த அதிர்ஷ்டசாலி யார் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்லும் உறுதியான வழி இல்லை. எனவேதான் குறைப்பதாயினும் வைத்தியரின் கண்காணிப்பில், படிப்படியாகச் செய்ய வேண்டியுள்ளது.

எமது மக்கள் ஏன் நிறுத்துகின்றனர்?

காரணங்களைக் கேட்டால் அவற்றில் பெரும்பாலானவை அன்பினாலும் அச்சத்தினாலும் எழுந்தவையே. ஒவ்வொன்றையும் மதித்து விடை கூற வேண்டும்.

"ஸ்டீரொயிட் உடம்பைக் கெடுக்கும்." இந்தப் பயம் குளிசையைப் பற்றிய பயம். கடும் முட்டின்போது வளர்ந்தவருக்குக் கொடுக்கப்படும் பிரட்னிசோலோன் குளிசை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை இருக்கும். தடுப்பு இன்ஹேலரின் ஒரு விசிறலில் இருப்பது பெரும்பாலும் 50 முதல் 250 மைக்கிரோகிராம். ஆயிரம் மைக்கிரோகிராம் சேர்ந்ததே ஒரு மில்லிகிராம். மருந்துக்கு மருந்து வீரியம் வேறுபட்டாலும், இழுப்பது எவ்வளவு சிறிய அளவு என்பது இதிலிருந்து விளங்கும். இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்ஹேலரை நிறுத்தி அடிக்கடி கடும் முட்டுக்கு ஆளாகும் பிள்ளை, பயந்த அதே ஸ்டீரொயிட்டைக் குளிசையாகவும் ஊசியாகவும் பெரிய அளவில் பெற நேரிடுகின்றது.

"பிள்ளை வளராது." இதில் சிறிது உண்மை உண்டு, அந்தச் சிறிதின் அளவையும் அறிய வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,041 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். பியூடிசொனைட் இழுத்த பிள்ளைகள் வளர்ந்தவர்களானபோது, இழுக்காதவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்ரிமீற்றர் உயரம் குறைந்திருந்தனர் என்று 2012இல் அறிவிக்கப்பட்டது. ஒரு விரலின் அகலத்துக்கும் குறைவு. ஒழுங்காகத் தூங்காது, சாப்பிடாது, பள்ளிக்கூடம் போகாது முட்டோடு வாழும் பிள்ளை இழப்பது அதனைவிடப் பெரிது.

"பழகிப் போனால் விட ஏலாது." சாராயம், புகையிலை போல இம்மருந்துக்கு உடல் அடிமையாவதில்லை. நிறுத்தியபோது முட்டு வருவது பழக்கத்தினால் அல்ல. அடங்கியிருந்த நோய் எழுவதினால். கண்ணாடி போடுபவர் அதனைக் கழற்றினால் எழுத்துத் தெரியாது. கண்ணாடி பழகிப்போனதால் கண் கெட்டது என்று நாம் சொல்வதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க: ஸ்டீரொயிட் குளிசையைப் பல வாரங்கள் தொடர்ந்து விழுங்கியவர் அதனைத் திடீரென நிறுத்தக்கூடாது, அது உயிராபத்தாகலாம். வைத்தியர் சொன்னபடி குறைத்தே நிறுத்த வேண்டும்.

"பம்ப் கடைசி நிலைக்குத்தானே." இல்லை. அது முதல் நிலை மருந்து. இலேசான ஆஸ்துமாவுக்கும் நிவாரணி மட்டும் போதாது, ஸ்டீரொயிட் மருந்து ஏதோ ஒரு வகையில் இருக்க வேண்டும் என்பதே 2019 முதல் ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டியின் நிலைப்பாடு. ஐக்கிய இராச்சியத்தில் ஆஸ்துமாவினால் நேர்ந்த 195 மரணங்களை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட அறிக்கையில், விபரம் கிடைத்த 165 பேரில் 65 பேர் இறப்பதற்கு முந்திய ஆண்டில் 12க்கும் மேற்பட்ட நிவாரணி இன்ஹேலர்களைப் பெற்றிருந்தனர் என்று காணப்பட்டது. நிவாரணியில் மட்டும் தங்கியிருப்பது பாதுகாப்பு அல்ல, அபாய அறிவிப்பு.

"பொம்பிளைப் பிள்ளை, நாலு பேர் கண்டால் கலியாணம் குழம்பும்." இதனைச் சொல்லும்போது தாய்மாரின் குரல் தாழ்ந்து விடுகின்றது. மருந்தை ஒளித்து இழுப்பவர்கள் நாளடைவில் இழுக்காமலே விடுகின்றனர். கர்ப்பமுற்ற பெண்கள் வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாதென்று நிறுத்துவதும் உண்டு. உண்மையில் கட்டுப்படாத முட்டே தாய்க்கும் சிசுவுக்கும் கேடு. கர்ப்ப காலம் தடுப்பு மருந்தை நிறுத்தும் காலமல்ல.

இன்னொரு காரணம் அச்சத்தினாலும் வெட்கத்தினாலும் வருவதல்ல. மருந்து முடிந்துவிட்டது; கிளினிக் தூரம்; பஸ்ஸுக்குக் காசில்லை; கூலி வேலையை ஒரு நாள் விட முடியாது; வைத்தியசாலையில் மருந்து இல்லை என்று வெளியில் வாங்கத் துண்டு எழுதித் தந்தார்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது புதிதல்ல. 2022இல் நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது மற்றவர்களும் இதனை உணர்ந்தனர். இதற்குக் குடும்பத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊரும் சங்கங்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இதிலே உண்டு. அதனைக் கீழே கூறுவோம்.

குறைக்க விரும்பினால்

வாழ்நாள் முழுவதும் ஒரே அளவில் இழுக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. தேவையான மிகக் குறைந்த அளவில் நோயை அடக்கி வைப்பதே நோக்கம். முதலில் கடந்த நான்கு வாரங்களை நினைத்துப் பார்த்து நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பகலில் முட்டோ இருமலோ வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் வந்ததா? முட்டினால் ஓர் இரவேனும் நித்திரை குழம்பியதா? நிவாரணி வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா? வேலையையோ விளையாட்டையோ முட்டு தடுத்ததா? நான்குக்கும் "இல்லை" என்பதே விடையானால் நோய் கட்டுப்பாட்டில் உள்ளது. ஐந்து வயதும் அதற்குக் குறைந்த குழந்தைகளுக்கு அளவுகோல் இதனைவிட இறுக்கமானது. அதனை வைத்தியரே பார்க்க வேண்டும்.

இந்நிலை மூன்று மாதங்கள் நீடித்தால், அளவைக் குறைப்பது பற்றி வைத்தியரிடம் நீங்களே கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. வழக்கமாக நாலிலொரு பங்கு முதல் அரைப்பங்கு வரை குறைத்து, மறுபடி மூன்று மாதங்கள் பார்ப்பர். வளர்ந்தவர்களில் முற்றாக நிறுத்துவதை வழிகாட்டிகள் பொதுவாக ஏற்பதில்லை. சிலருக்குக் கலப்பு இன்ஹேலரைத் தேவைப்படும்போது மட்டும் இழுக்கும்படி கூறப்படலாம். அதுவும் வைத்தியர் வகுத்த முறையாக இருக்க வேண்டும்.

குறைக்கும் காலத்தையும் தெரிந்தெடுக்க வேண்டும். விதைக்கும் காலத்தைக் கமக்காரர் தெரிந்தெடுப்பது போன்றதே இது. மாரி தொடங்கும் வேளை, சூடடிக்கும் வேளை, தடிமன் பரவும் வேளை, வீடு மாறும் வேளை, கர்ப்ப காலம் என்பன உகந்தவை அல்ல. குறைத்த பின் கிளினிக் கொப்பியின் பின் பக்கத்தில் இரவில் இருமிய நாட்களையும் நிவாரணி எடுத்த நாட்களையும் குறித்து வாருங்கள். கீறல்கள் கூடினால் முன்னிருந்த அளவுக்குத் திரும்பி வைத்தியரைக் காணுங்கள்.

மருந்து நெஞ்சுக்குப் போகின்றதா?

ஒழுங்காக இழுத்தும் சுகமில்லை என்பவர்கள் பலர் மருந்தை நாக்கிலேயே விசிறிக்கொள்கின்றனர். விசிறும் இன்ஹேலரை நன்கு குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, ஒரு தடவை விசிறி, மெதுவாக ஆழமாக உள்ளே இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது கடினம். அவர்களுக்கு ஸ்பேசர் எனப்படும் குடுவை வேண்டும். வாங்க வசதியில்லாதவர் 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலில் அதனைச் செய்துகொள்ளலாம். தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் பிள்ளைகளிடம் சோதித்து, இத்தகைய போத்தல் நிவாரணி கொடுப்பதற்குக் கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்வதாக 1999இல் அறிவித்தனர். போத்தலின் அடியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்கு ஒரு துளை வெட்டி, சுற்றிவர ஒட்டுப்பட்டியால் காற்றுப் போகாது ஒட்ட வேண்டும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவிட வேண்டும். பிள்ளை போத்தலின் வாயை உதட்டால் மூடிக்கொள்ள, ஒரு விசிறல் விசிறி, ஐந்தாறு முறை மூச்செடுக்கச் செய்யுங்கள். இரண்டாம் விசிறல் அதன் பின்னரே. செய்த போத்தலைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கூட்டுக்குளிசை போல வரும் இழுக்கும் மருந்தை விழுங்கக்கூடாது. அதற்குரிய கருவியில் வைத்து உடைத்து, பலமாக இழுக்க வேண்டும். தடுப்பு மருந்து இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். வாய்க்குள் வெண்படை வராது, குரலும் அடைக்காது.

இன்ஹேலர் எப்போது முடியும் என்பதையும் கணக்கிடலாம். 200 விசிறல் உள்ள இன்ஹேலரை நாளுக்கு நான்கு விசிறல் பாவித்தால் அது 50 நாட்களுக்குக் காணும். திறந்த திகதியை அதிலே எழுதி வைத்தால், முடியுமுன் அடுத்ததற்கு ஆயத்தமாகலாம். முடிந்த பின்னும் வெறும் வாயு சீறும். அதனை மருந்தென்று நம்பி ஏமாறக்கூடாது.

வீடும் வளவும்

சுற்றாடல் எவ்வளவு துப்புரவாயினும் அது மருந்துக்குப் பதிலாகாது. ஆனால் மருந்தின் பாரத்தைக் குறைக்கும். படுக்கும் கொட்டிலுக்குள் விறகு அடுப்பை வைக்காது வெளியே பத்தி இறக்கிக்கொள்ளுங்கள். நெல் மூட்டைகளையும் வைக்கோலையும் பிள்ளை படுக்கும் இடத்திலிருந்து அகற்றுங்கள். நுளம்புத்திரிக்குப் பதில் நுளம்புவலை நல்லது. மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த பாயையும் துணியையும் வெயிலில் நன்கு காயவிடுங்கள். நெல் தூற்றும்போதும் கிருமிநாசினி அடிக்கும்போதும் முட்டுக்காரரை விலக்கி வையுங்கள். வீட்டுக்குள் பீடி, சிகரெட் வேண்டாம். புகைப்பவரிடம் ஸ்டீரொயிட் இன்ஹேலர் குறைவாகவே வேலை செய்கின்றது என்பதையும் அறிந்திருங்கள்.

ஊர் செய்யக்கூடியது

ஒரு குடும்பத்தால் முடியாததைப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் செய்யலாம். ஒரே கிளினிக் நாளுக்குப் போகும் குடும்பங்கள் ஓர் ஓட்டோவையோ வானையோ பகிர்ந்துகொள்ளலாம். மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் சுழற்சிக் கடன் பணத்தில் ஒரு சிறு பகுதியை, வைத்தியசாலையில் மருந்து இல்லாத மாதங்களில் வெளியில் வாங்குவதற்கென ஒதுக்கலாம். கிளினிக்குக்குத் தொடர்ந்து இரண்டு தடவை போகாதவரின் வீட்டுக்கு ஒருவர் போய் விசாரிக்கலாம். எந்தப் பிள்ளைக்கு முட்டு உண்டு, அதன் நிவாரணி எங்கே இருக்கின்றது என்பதை வகுப்பு ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும்.

வெள்ளமோ வேறு இடரோ வந்து திடீரென வெளியேற நேர்ந்தால் எடுத்துச் செல்லும் பையில், அடையாள அட்டையோடும் பங்கீட்டுப் பத்திரங்களோடும் கிளினிக் கொப்பியும் இரண்டு இன்ஹேலர்களும் பொலித்தீன் பையில் சுற்றப்பட்டு இருக்கட்டும். புதிய இடத்தில் முதலில் காணும் வைத்தியரிடம் கொப்பியைக் காட்டித் தடுப்பு மருந்தைத் தொடரக் கேளுங்கள். இடம் மாறிய களைப்பும் புகையும் நெருக்கடியும் சேரும் நாட்களில் மருந்து விடுபடுவது மிகவும் ஆபத்தானது.

காத்திருக்கக்கூடாத நேரம்

ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாத மூச்சு, விலா எலும்புகளுக்கிடையே சதை உள்ளே இழுபடுதல், உதடு நீலம் பாரித்தல், பிள்ளை சோர்ந்து மயங்குதல், நிவாரணி எடுத்தும் சுகமின்மை அல்லது சுகம் மூன்று நான்கு மணித்தியாலம்கூட நில்லாமை: இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். நோயாளரை நிமிர்த்தி இருத்தி, ஸ்பேசர் மூலம் சல்பியூட்டமோலை ஒவ்வொரு விசிறலாக, சிறு இடைவெளி விட்டு, பத்து விசிறல் வரை கொடுத்துக்கொண்டே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். நெஞ்சிலே விசில் சத்தம் திடீரென இல்லாமற்போய், பிள்ளையும் சோர்ந்துவிட்டால் அது சுகமல்ல; காற்று உள்ளே போகவில்லை என்பதன் அறிகுறி.

சுகமாக இருக்கும் நாளில் மருந்து இழுப்பது வீண் என்று தோன்றலாம். அணைக்கட்டு உடையாத ஆண்டிலும் கமக்காரர் அதனைக் கட்டிக் காப்பதை விடுவதில்லை. உடையாமல் இருந்ததே அவ்வாறு காத்ததனால்தான். அடுத்த கிளினிக் நாளை இன்றே கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அன்று இன்ஹேலரையும் கொப்பியையும் கையோடு கொண்டுபோய், நீங்கள் இழுக்கும் முறையைத் தாதியிடம் செய்து காட்டுங்கள். மருந்தைக் குறைக்க விரும்பினால், அதையும் அங்கேயே கேளுங்கள்.